தோற்கிற அணிக்கு யார் தலைவர்?

1

2020-21 பருவத்தில் சென்னையின் எஃப்.சி.யின் பயிற்சியாளர் சாபா லாஸ்லோ, ஹங்கேரிக்காரர். ஐ.எஸ்.எல். தொடரின் பதினோரு அணிகளில் சென்னைக்கு எட்டாம் இடம். அடுத்த பருவத்துக்கு மாண்டிநீக்ரோவிலிருந்து போசிதார் பாண்டோவிச் வந்தார். கோவாவிடம் ஐந்து கோல் வாங்கிய கையோடு 2022 பிப்ரவரியில் அவரை அனுப்பிவிட்டார்கள். மிச்ச ஆட்டங்களை உதவிப் பயிற்சியாளராக இருந்த நம்மூர் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். அப்போதும் எட்டாம் இடம். 2022-23-ல் ஜெர்மனியிலிருந்து தோமஸ் பிர்தாரிச். எட்டாம் இடம்.

மூன்று பருவம், மூன்று தேசம், மூன்று ஆள். இடம் மட்டும் மாறவே இல்லை. முதன்முதலில் இதைக் கவனித்தபோது சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று தோன்றியது. நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு மாறியின் மதிப்பை மூன்று தடவை மாற்றியும் விடை அப்படியே வருகிறது என்றால், அந்த மாறிக்கும் விடைக்கும் நாம் நினைத்த அளவு தொடர்பில்லை என்று அர்த்தம். அப்புறமும் அதே மாறியையே மாற்றிக்கொண்டிருப்பவனைப் பார்த்து என்ன சொல்வோம்? ஆனால் அணிகள் அதைத்தான் செய்கின்றன. கம்பெனிகளும் கட்சிகளும் ஊர்களும்கூட.

கால்பந்து எனக்கு இங்கே ஒரு சாக்குதான். கேள்வி வேறு. ஒரு கூட்டம் தொடர்ந்து தோற்கும்போது அதன் தலைவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை உட்காரவைக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? எழுந்து போகிறவருக்கு நாம் எதையாவது கடன்பட்டிருக்கிறோமா? வந்து உட்காருகிறவருக்கு?

2

மேலே சொன்னதை வைத்து, ஆளை மாற்றுவதால் ஒன்றும் நடக்காது என்று முடித்துவிடலாம். ஆனால் அதே சென்னையின் எஃப்.சி. அந்த முடிவையும் கெடுத்துவிடுகிறது.

2017-18-ல் ஜான் கிரிகரியின் பயிற்சியில் அணி கோப்பையை வென்றது. அடுத்த பருவம் பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி. கடைசி இடம். இருந்தும் கிரிகரியை வைத்துக்கொண்டார்கள். கோப்பை கொடுத்த மனுஷன் என்ற விசுவாசம் அதில் இருந்திருக்கலாம். 2019-20-ன் முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தார்கள். நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்து தேசிய அணிக்கு ஆடியவர். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அவர்களேதான். அந்த அணி பருவ முடிவில் நான்காம் இடத்துக்கு வந்தது. அரையிறுதியில் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 6-5 என்று கோவாவைத் தாண்டியது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா பயத்தில் பூட்டப்பட்ட ஃபட்டோர்டா மைதானத்தில், ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் இறுதியாட்டம் ஆடி ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. தோல்விதான். ஆனால் நவம்பரில் இருந்த அணியும் மார்ச்சில் இருந்த அணியும் ஒன்றென்று சொல்ல முடியாது.

அப்படியானால் காயில்தான் மருந்தா? கிளப்பும் அப்படி நினைத்ததோ என்னவோ, அந்த மூன்று எட்டாம் இடங்களுக்குப் பிறகு 2023-ல் அவரையே திரும்ப அழைத்தது. முதல் பருவம் ஆறாம் இடம். இரண்டாம் பருவம் பதினொன்று. அதே ஊர், அதே காயில். 2025-ல் அவரும் போய்விட்டார்.

உளவியலாளர் டேனியல் கானமன் ஒரு சம்பவம் சொல்வார். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்களுக்கு அவர் வகுப்பெடுத்தபோது, பாராட்டு திட்டைவிட நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஒரு மூத்த பயிற்றுநர் ஒப்புக்கொள்ளவில்லை. நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த தடவை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த தடவை நன்றாக ஓட்டுகிறான், இது நான் கண்ணால் பார்த்தது என்றாராம். பார்த்தது உண்மை. காரணம்தான் பொய். அசாதாரணமாக நன்றாக ஓட்டியவன் அடுத்த தடவை தன் வழக்கமான அளவுக்கு இறங்குவான். அசாதாரணமாகச் சொதப்பியவன் வழக்கமான அளவுக்கு ஏறுவான். திட்டும் பாராட்டும் அந்த இடைவெளியில் நின்று பெயர் வாங்கிக்கொள்கின்றன.

பயிற்சியாளரை எப்போது மாற்றுகிறோம்? அணி ஆக மோசமாக இருக்கும்போது. அதற்கு மேல் போவதற்குப் பள்ளம் இல்லை என்னும்போது. அங்கிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் மேலே வரத்தான் செய்யும். நெதர்லாந்து கால்பந்தின் 1986 முதல் 2004 வரையிலான தரவுகளை பாஸ் டெர் வேல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். இதே மாதிரிச் சரிவைச் சந்தித்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளையும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டார். மாற்றிய அணிகள் எழுந்தன. மாற்றாத அணிகளும் எழுந்தன.

என் துறையில் சர்வர் தொங்கிவிட்டால் முதலில் செய்வது ரீஸ்டார்ட். பத்துக்கு ஒன்பது தடவை வேலை செய்யும். நினைவகம் எங்கே ஒழுகுகிறது என்பது மட்டும் அப்படியே இருக்கும். மூன்று நாள் கழித்து ராத்திரி ரெண்டு மணிக்கு மறுபடி போன் வரும்.

3

அயர்லாந்தில் கேலிக் கால்பந்து என்று ஒன்று உண்டு. பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம். கம்பத்துக்கு மேலே போனால் பொதுவாக ஒரு புள்ளி, வலைக்குள் போனால் மூன்று. 1884-ல் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம் இதை நடத்துகிறது. எண்பதாயிரம் பேர் உட்காரும் டப்ளின் குரோக் பார்க்கில் இறுதியாட்டம் நடக்கும். ஆனால் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், விவசாயி, போலீஸ்காரர் என்று அவரவருக்கு வேறு வேலை இருக்கும். சாயங்காலம் பயிற்சி.

அதைவிட முக்கியம், ஒவ்வொருவரும் தன் கவுன்டிக்குத்தான் ஆடுவார். கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. நன்றாக ஆடுகிறான் என்று பக்கத்துக் கவுன்டிக்காரனை ஏலத்தில் எடுத்துவர முடியாது. உன் மண்ணில் பிறந்து வளர்ந்தவன் எவனோ அவனை வைத்துத்தான் ஆடியாக வேண்டும். ஆகவே அணி தோற்றால் மாற்றுவதற்குக் கையில் இருப்பது ஒரே நாற்காலி. மேலாளர் நாற்காலி. பதினைந்து பேரையும் மாற்ற முடியாது, மண்ணை மாற்ற முடியாது, ஜனத்தொகையை மாற்ற முடியாது. அதனால் ஊர்க்கோபம் மொத்தமும் அந்த ஒரு நாற்காலியில் போய் விழுகிறது.

மேயோ என்ற மேற்குக் கவுன்டியின் கதையை இதற்காகவே படிக்கலாம். கடைசியாக அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது 1951-ல். 1989 முதல் 2021 வரை பதினோரு தடவை இறுதிக்கு வந்து பதினோரு தடவையும் தோற்றார்கள். அங்கே இதற்கு ஒரு நாட்டார் கதை உண்டு. 1951-ல் வென்ற அணி ஆரவாரமாக ஊர் திரும்பியபோது, வழியில் ஒரு சாவு ஊர்வலத்துக்கு மரியாதை தராமல் கடந்துபோனதாம். பாதிரியார் சபித்துவிட்டாராம், இந்த அணியில் ஒருவன் உயிரோடு இருக்கும்வரை கோப்பை கிடையாது என்று. நம்மூர்க் குலசாமிக் கதை மாதிரியே இருக்கிறதில்லையா? காரணம் தெரியாத தோல்வியை மனிதர்களால் தாங்க முடியாது. சாபமாவது வேண்டும், ஒரு மேலாளராவது வேண்டும்.

2015-ல் மேயோ அரையிறுதி வரை வந்து டப்ளினிடம் மறு ஆட்டத்தில் தோற்றது. ஆட்டக்காரர்கள் கூடி, இருந்த இரண்டு மேலாளர்கள் மீதும் நம்பிக்கையில்லை என்று பெரும்பான்மை வாக்கில் சொன்னார்கள். வந்து ஒரே வருடமான அந்த இருவரும் விலகினார்கள். புதிதாக ஸ்டீபன் ராச்ஃபோர்டு வந்தார். 2016-ல் மேயோ இறுதிக்குப் போனது. டப்ளினோடு சமன். மறு ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோல்வி. 2017-ல் மறுபடி இறுதி, மறுபடி டப்ளின், மறுபடி ஒரே புள்ளியில் தோல்வி.

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த ஒரு புள்ளி எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால், ஆட்டக்காரர்களின் 2015 கலகம் வரலாற்றுச் சிறப்புமிக்க துணிச்சல் என்று எழுதப்பட்டிருக்கும். விழாததால் அது நன்றிகெட்டதனமா, நியாயமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரை அனுப்பிய ஒரு செயல் சரியா தப்பா என்பதை, ஒரு வருடம் கழித்துக் காற்றில் போன ஒரு பந்து தீர்மானிக்க முடியுமா?

4

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று நாடுகளாகவே இருக்கிறது. எனக்கு நெல்லிவாசல்நாடு. கவுன்டி என்றால் என்ன என்பதை ஒரு ஐரிஷ்காரன் எனக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் வெளியாள் எடுத்துவந்து அணி சேர்க்கும் வசதி கிடையாது. சாமைக் காட்டுக்கும் புளியமரத்துக்கும் நடுவே வளர்ந்த பையன்கள்தான் கபடி அணி.

எங்கள் பையன்களுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். பத்து வருடத்துக்கு மேல் ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்தவர். கீழ்நாட்டுப் போட்டிகளுக்குச் சொந்தக் காசில் வேன் பிடித்துக் கூட்டிப்போவார். நடுவில் மூன்று பொங்கல் தொடர்ந்து முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். பையன்கள் என்னிடம் வந்தார்கள்.

"அண்ணா, மாஸ்டருக்கு இப்ப உள்ள கேம் புரியலண்ணா. போனஸ் லைன், சூப்பர் டேக்கிள் எல்லாம் யூடியூப் பாத்து நாங்களா கத்துக்கறோம். நீங்க சொன்னா அவர் கேப்பாரு."

என் முதல் எண்ணம், இது துரோகம் என்பதுதான். பேசப் பேச அதன் மறுபக்கமும் தெரிந்தது. வந்தவர்களில் ஒருவனுக்குப் பதினெட்டு வயது. அவனிடம் இருப்பது நாலைந்து வருடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு போலீஸ் வேலை, ஒரு காலேஜ் சீட்டு, எதுவானாலும் அதற்குள்தான். மாஸ்டர் மீது எனக்கிருக்கும் நன்றிக்கு அவன் தன் நாலு வருடத்தைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும் என்று நான் எந்த வாயால் சொல்வது? விசுவாசம் அழகான குணம். ஆனால் பெரும்பாலும் அதன் பில்லை வேறு யாரோ கட்டுகிறார்கள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். முதலில் கணக்கு பார்ப்போமா? எங்கள் ஆபீஸில் பெரிய கோளாறு வந்தால் அடுத்த நாள் எல்லோரும் உட்கார்ந்து அலசுவோம். அதற்குப் பெயரே போஸ்ட்மார்ட்டம். விதி ஒன்றுதான்: காரணம் என்ற இடத்தில் ஆள் பெயர் எழுதக்கூடாது. "யார்" என்று எழுதினால் அதோடு யோசனை நின்றுவிடும். "எது" என்று எழுதினால்தான் அடுத்த கேள்வி வரும்.

பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். பன்னிரண்டு பேரில் வருடம் பூரா ஊரில் இருப்பவர்கள் நாலு பேர். மிச்சம் எட்டுப் பேர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய் பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வந்து இறங்குகிறவர்கள். கபடி ஏழு பேர் கைகோத்து ஆடுகிற ஆட்டம். ஒருத்தன் காலைப் பிடிக்கும் அதே நொடியில் இன்னொருத்தன் சங்கிலி போட வேண்டும். சேர்ந்தே பயிற்சி எடுக்காதவர்களுக்கு அது வராது. முன்பு ஜெயித்த வருடங்களில் ஏழு பேரும் ஊரில் இருந்தவர்கள். மாஸ்டர் அன்றும் இன்றும் ஒரே மாஸ்டர்தான்.

பையன்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒருவன் சொன்னான். "சரிண்ணா, அவர் தப்பில்ல. ஆனா இந்த நெலமைக்கு வேற மாதிரி சொல்லித்தர ஆள் வேணும்ல?"

அவன் கேட்டதும் சரிதான். அந்த வாக்கியம் எனக்குப் பல புத்தகங்கள் தராத தெளிவைத் தந்தது. அவர் தப்பில்லை, ஆனாலும் வேறு ஆள் வேண்டும். இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நாம்தான் இரண்டாவதைச் செய்வதற்காக முதலாவதைப் பொய்யாக்கிவிடுகிறோம். ஒருவரை மாற்ற முடிவெடுத்ததும் அவர் குற்றவாளியாகவும் இருந்தே ஆக வேண்டும் என்று மனசுக்குத் தோன்றுகிறது. இல்லாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது.

லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தில் ஒரு சடங்கு வருகிறது. ஜனங்களின் பாவத்தையெல்லாம் ஒரு ஆட்டின் தலையில் சுமத்தி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். தமிழ் பைபிள் அதற்குப் போக்காடு என்று ஒரு சொல் வைத்திருக்கிறது. எவ்வளவு பொருத்தமான சொல்! ஆடு போய்விடும். பாவம் செய்த ஊர் அங்கேயே இருக்கும், சுத்தமாகிவிட்ட நிம்மதியோடு.

மாஸ்டரிடம் பையன்களே போய்ப் பேசினார்கள். நானும் கூட இருந்தேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார். "மாத்தறது தப்பில்லடா. எதுக்கு மாத்தறீங்கன்னு ஊருக்கும் அதே மாதிரி சொல்லுங்க. எங்கிட்ட ஒண்ணு, வெளிய ஒண்ணு வேணாம்." கபடியைப் பற்றி அவர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

5

பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-ல் ஒரே தலைப்பில் இரண்டு கட்டுரைகள் வாசித்தார்கள். நம் கட்டுப்பாட்டில் இல்லாத விஷயங்கள் நம்மைப் பற்றிய அறத் தீர்ப்பை மாற்றிவிடுவதை என்ன செய்வது என்பது கேள்வி. குடித்துவிட்டு ஓட்டிய இரண்டு பேரில், ஒருவன் வண்டிக்குக் குறுக்கே யாரும் வரவில்லை. இன்னொருவன் வண்டிக்குக் குழந்தை வந்தது. செய்த தப்பு ஒன்று, கிடைக்கும் பெயர் வேறு வேறு. அவர்கள் இதற்கு அறவியல் அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தார்கள். நமக்குப் பழைய சொல்லே இருக்கிறது, ஊழ்.

வில்லியம்ஸ் இன்னொன்றும் சொன்னார். தன் தப்பே இல்லாமல் ஒரு குழந்தை மீது லாரியை ஏற்றிவிட்ட ஓட்டுநர் இருக்கிறார். வேடிக்கை பார்த்தவருக்கும் வருத்தம் இருக்கும். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு ஜாதி. "உன் தப்பில்லை" என்று நாம் ஆயிரம் தடவை சொன்னாலும் அவரால் அதைச் சட்டென்று ஏற்க முடியாது. ஏற்றுவிட்டால் நமக்கே அவர் மீது ஒரு மாதிரி இருக்கும். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. தலைவன் என்பவன் குற்றமில்லாத பொறுப்பைச் சுமக்கச் சம்மதித்தவன். அவன் சுமப்பது அவன் பெருமை. அதை நாம் குற்றப்பத்திரிகையாக மாற்றுவது நம் சிறுமை.

வெண்ணிப் பறந்தலைப் போரில் கரிகாலன் ஜெயித்தான். தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற்புலவர், ஜெயித்த கரிகாலனைப் பார்த்தே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்கிற பொருளில் பாடியது புறநானூற்றின் 66-ஆம் பாட்டு. முடிவையும் மனிதனையும் பிரித்துப் பார்க்க இந்த மொழிக்கு ரொம்பக் காலமாகத் தெரியும். ஆனால் சேரமான் செய்ததை நாம் யாரிடமும் எதிர்பார்க்கக் கூடாது. தோற்றவன் தன்னைத் தானே அழித்துக்கொள்வதில் ஊருக்கு ஒரு ரகசியச் சௌகரியம் இருக்கிறது. அவன் போய்விட்டால் கணக்கு முடிந்துவிடும்.

ஊழ் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு சேப்பாக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2022 மார்ச் 24 அன்று, தொடர் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, தோனி சென்னை சூப்பர் கிங்ஸ் தலைமையை ஜடேஜாவிடம் கொடுத்தார். எட்டு ஆட்டம், இரண்டு வெற்றி. ஏப்ரல் 30 அன்று தலைமை தோனிக்கே திரும்பிப் போனது. ஜடேஜா தன் ஆட்டத்தில் கவனம் செலுத்த விரும்புகிறார் என்று அறிவிப்பு வந்தது. தோனி நடத்திய மிச்ச ஆறு ஆட்டங்களிலும் இரண்டே வெற்றி. அணி ஒன்பதாம் இடம். ஆனால் அந்த வருடத்தை எல்லோரும் "ஜடேஜா கேப்டன்ஸி" என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

ஒரு வருடம் கழித்து அகமதாபாத். இறுதியாட்டம், மழை, நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். தோனி அவரைத் தூக்கிக்கொண்ட படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தலைமை பறிபோனவரால் தலைவருக்குக் கிடைத்த கோப்பை அது. 2025-ல் ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டு மறுபடி தோனி தலைமைக்கு வந்தார். இந்த முறை அணி கடைசி இடம். அதே தோனி. ஐந்து கோப்பையின் கை அதுதான், பத்தாம் இடத்தின் கையும் அதுதான். முன்னதுக்கு மேதை என்றும் பின்னதுக்கு வயசாகிவிட்டது என்றும் காரணம் சொல்கிறோம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஏலமேசையும் காயமும் பிட்ச்சும் மழையும் அந்தக் கதைகளில் வருவதே இல்லை.

இதனால் திறமையே கிடையாது, எல்லாம் ஊழ் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல மாஸ்டர், மோசமான மாஸ்டர் என்ற வித்தியாசம் நிஜம். நாம் அதை அளக்கும் கோல்தான் கோணல்.

6

சரி, நாற்காலி காலி. யாரை உட்காரவைப்பது?

பழைய கதைகளில் ராஜா வாரிசில்லாமல் செத்தால் பட்டத்து யானையிடம் மாலையைக் கொடுத்து அனுப்புவார்கள். யானை யார் கழுத்தில் போடுகிறதோ அவன் ராஜா. சின்ன வயதில் இதைக் கேட்டு, என்ன மடத்தனம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது அதில் ஒரு தந்திரம் தெரிகிறது. யானை தேர்ந்தெடுத்த ராஜா தோற்றால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. தேர்ந்தெடுத்தவர்கள் தப்பித்தார்கள்.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதுவரை யானைக் கதைதான். ஆனால் குடத்துக்குள் எந்தப் பெயர் போகலாம் என்பதற்குக் கறாரான விதிகள். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய குறிப்பிட்ட உறவினர்களும் கூடாது.

இதை நம் ஆதி ஜனநாயகம் என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணச் சபையாரின் குடம் அது. என் மலையிலிருந்து ஒரு ஓலைகூட அதற்குள் போயிருக்காது. எந்தப் பெண்ணின் பெயரும் போயிருக்காது. ஆனால் விதிகளின் மையத்தில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அவர்கள் தோற்றாயா ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. கணக்குக் காட்டினாயா என்று கேட்டார்கள். விளைவு ஊழின் கையிலும் இருக்கிறது. கணக்குக் காட்டுவது முழுக்க மனிதன் கையில் இருக்கிறது. ஒருவரை எடைபோட அவர் கையில் இருப்பதைத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

திருக்குறளில் ஆளைச் சோதித்துத் தெளிவதற்கு ஒரு அதிகாரம், அடுத்ததாக அவரிடம் வேலையை ஒப்படைப்பதற்கு ஒரு அதிகாரம் இருக்கிறது. வள்ளுவர் இரண்டு ஆபத்துகளைச் சமமாக வைக்கிறார். ஆராயாமல் நம்புவது ஒன்று. ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவது இன்னொன்று. நாம் இரண்டையும் ஒரே ஆளிடம் வரிசையாகச் செய்கிறோம். வரும்போது மாலை மரியாதை, ஆறு ஆட்டம் கழித்து முணுமுணுப்பு.

என்னளவில் நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இது. தலைவர் பதவி பரிசு கிடையாது, ஆகவே அதிலிருந்து எடுப்பது தண்டனையும் கிடையாது. குற்றமே இல்லாத ஒருவரை மாற்ற ஒரு அணிக்கு உரிமை உண்டு. சில சமயம் அது கடமையும்கூட, அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்காக. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்த ஒரு விலை உண்டு. உண்மையான காரணத்தை அவர் முன்னாலும் ஊர் முன்னாலும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். தோல்வியில் நம் பங்கு என்ன என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும். புதிதாக வருபவரிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்து, இதில் எது உங்களால் மாறும், எது மாறாது என்று கேட்க வேண்டும். எல்லாம் மாறும் என்று சொல்பவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இவ்வளவுதான் என்னால் முடியும், இதற்கு இத்தனை நாள் ஆகும் என்பவரை எடுத்துக்கொண்டு, அந்த நாள்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் பையன்கள் முட்டியில் அடிபட்டு ஆட்டத்தை விட்டிருந்த ஒரு பழைய ரைடரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் முதலில் சொன்னதே, பெங்களூரில் இருக்கிற ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமை அங்கேயே ஒரு மைதானம் பிடித்துச் சேர்ந்து ஆட வேண்டும் என்பதுதான். அடுத்த பொங்கலுக்கு இரண்டாம் சுற்றில் தோற்றார்கள். முன்னேற்றமா, கானமன் சொன்ன ஏற்றமா? ஒரு வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது. மாஸ்டர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தன்று ஓரத்தில் நின்று, புதியவன் பேசும்போது தான் பேசாமல் இருக்கிறார். அது எவ்வளவு கஷ்டம் என்று தலைவராக இருந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

புறநானூற்றின் 192-ஆம் பாட்டின் முதல் வரி நம் எல்லோருக்கும் மனப்பாடம். மேடைதோறும் அதைச் சொல்கிறோம். ஆனால் பாட்டு போய் முடியும் இடம் வேறு. ஆற்றில் மிதந்து போகும் தெப்பம் மாதிரி உயிர் முறைவழியே போகிறது என்று கண்டுகொண்டதால், பெரியோரை வியப்பதும் இல்லை, அதைவிடச் சிறியோரை இகழ்வது இல்லவே இல்லை என்கிறார் கணியன் பூங்குன்றனார். இகழாமை வியக்காமையைவிட முக்கியம் என்று அவர் ஏன் தனியாகச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஜெயித்தவரைக் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டாடிவிட்டால் பெரிய நஷ்டமில்லை. தோற்றவரைக் கொஞ்சம் கூடுதலாகச் சிறுமைப்படுத்திவிட்டால், அடுத்து அந்த நாற்காலியில் உட்கார நல்லவர் யாரும் வரமாட்டார்கள். பொய் சொல்லத் தெரிந்தவர்கள் மட்டும் வருவார்கள்.